கல்யாண வீடியோவை அப்பத்தா வீட்டு டிவிடி ப்ளேயரில் ஓட வைப்பது எப்படி?

கேள்வி இதுதான். அண்ணன் கல்யாண வீடியோவை ஸ்டூடியோக்காரர்கள் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே மூன்று எம்பி4 ஃபைல்கள்: முகூர்த்தம் 1 மணி 50 நிமிடம், ரிசப்ஷன் 1 மணி 20 நிமிடம், பாட்டுப் போட்டுத் தொகுத்த ஹைலைட்ஸ் 12 நிமிடம். ஊரில் இருக்கும் அப்பத்தாவால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. அவரிடம் இருப்பது பழைய டிவிடி ப்ளேயரும் டப்பா டிவியும்தான். ஹைலைட்ஸ் ஃபைலை ஒரு டிவிடியில் காப்பி செய்து கொண்டுபோய்ப் போட்டால், ப்ளேயர் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ‘அன்நோன் டிஸ்க்’ என்கிறது. அதே டிஸ்க் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. கோளாறு ப்ளேயரிலா, டிஸ்கிலா?

இரண்டிலும் இல்லை. நீங்கள் எழுதியது டிவிடி தட்டில்தான், ஆனால் அதற்குள் இருப்பது டிவிடி படம் இல்லை. வீட்டில் பழைய சினிமா டிவிடி ஏதாவது இருந்தால் லேப்டாப்பில் போட்டுத் திறந்து பாருங்கள். ‘வீடியோ டிஎஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி என்று முடியும் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். படமும் ஒலியும் விஓபியில். எது எங்கே தொடங்குகிறது, அடுத்த பகுதி எங்கே என்ற வரைபடம் ஐஎஃப்ஓவில். டிஸ்கில் கீறல் விழுந்து அந்த வரைபடம் படிக்க முடியாமல் போனால் உதவ அதன் நகல் பியுபியில். ப்ளேயர் டிஸ்கை உள்ளே இழுத்ததும் முதலில் தேடுவது இந்த ஃபோல்டரைத்தான். உங்கள் டிஸ்கில் அது இல்லை, எம்பி4 மட்டும் இருக்கிறது. எம்பி4 என்றால் என்னவென்றே அந்த ப்ளேயருக்குத் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் வயது. முதல் டிவிடி ப்ளேயர்கள் ஜப்பானில் 1996 நவம்பரில் விற்பனைக்கு வந்தன. அன்றைக்கு முடிவு செய்த விதி இன்றைக்கும் அதேதான்: படம் எம்பெக்-2 அல்லது அதற்கும் பழைய எம்பெக்-1 முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் எம்பி4-க்குள் இருப்பது பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 என்ற சுருக்கும் முறை. முதலாவது 2003-ல் வந்தது, இரண்டாவது 2013-ல். ப்ளேயருக்குள் இருக்கும் சிப் எம்பெக்-2 போன்ற பழைய முறைகளை விரிக்க மட்டும் செய்யப்பட்டது. மொபைலில் ஆப் ஏற்றுவதுபோல அதற்குப் புதிதாக ஒன்றைச் சொல்லித்தர முடியாது. லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருள் எதைக் கொடுத்தாலும் ஓட்டும் என்பதால் “லேப்டாப்பில் ஓடுகிறதே” என்ற சோதனையை இந்த வேலையில் நம்பவே கூடாது.

விண்டோஸ் வைக்கும் ஒரு பொறியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிற பாதிப்பேர் இதில் விழுந்துதான் வருகிறார்கள். வெற்று டிவிடியைப் போட்டதும், இந்த டிஸ்கை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று ஒரு பெட்டி வரும். பென் டிரைவ் போல என்று ஒரு வழி, சிடி/டிவிடி ப்ளேயரோடு என்று இன்னொரு வழி. முதலாவதைத் தொட்டால் அந்த டிஸ்க் கம்ப்யூட்டருக்கு மட்டுமே ஆகும். இரண்டாவதில் பெயர்தான் ப்ளேயர். எம்பி4-ஐ அப்படியே எம்பி4-ஆகத்தான் எழுதும், மாற்றித் தராது. அந்தப் பெட்டி வந்தால் மூடிவிடுங்கள். நமக்கு அது தேவையில்லை.

இனி கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். ப்ளேயரின் முன்பக்கத்தில் என்னென்ன சின்னங்கள் அச்சிட்டிருக்கின்றன என்று யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், முடிந்தால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வேலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அந்த போட்டோவில் இருக்கிறது. ‘டிவிடி வீடியோ’ சின்னம் மட்டும் இருந்தால் முழு டிவிடியாகத்தான் செய்ய வேண்டும். ‘டிவ்எக்ஸ்’ என்று எழுதியிருந்து, யுஎஸ்பி துளையும் இருந்தால் இன்னொரு சுலபமான வழி உண்டு. வெறும் ‘விசிடி’ என்றிருந்தால் வழியே வேறு. இந்த மூன்றில் முதலாவதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் டிவிடி சின்னம் உள்ள எந்த ப்ளேயரிலும் அது ஓடும்.

டிவிடியில் படத்தின் அளவு நம் நாட்டு டிவி முறையான ‘பால்’ (PAL) முறையில் 720 × 576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். ஸ்டூடியோ கொடுத்தது 4கே என்றால் அது 3840 × 2160. கணக்குப் போட்டால் டிவிடியின் படம் சரியாக இருபதில் ஒரு பங்கு. ஃபுல் எச்டி என்றால் ஐந்தில் ஒரு பங்கு. இதைக் கேட்டு மனசு வருத்தப்பட வேண்டாம். டப்பா டிவியால் அதற்கு மேல் காட்ட முடியாது. ஆனால் ஒன்று: டிவிடி எடுத்தாகிவிட்டதே என்று பென் டிரைவில் உள்ள மூல ஃபைலை அழித்துவிடாதீர்கள். டிவிடி அப்பத்தாவுக்கு. மூலம் உங்கள் பிள்ளைகளுக்கு. அதை ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் போட்டு வையுங்கள்.

அடுத்து பிட்ரேட், அதாவது ஒவ்வொரு நொடிப் படத்துக்கும் எவ்வளவு இடம் ஒதுக்குகிறோம் என்பது. டிவிடி நன்றாக வருவதும் கெடுவதும் இந்த இடத்தில்தான். மென்பொருள் எதுவானாலும் பெரிய வித்தியாசம் இல்லை, இந்தக் கணக்கு தப்பினால் எதுவும் காப்பாற்றாது. வெற்று டிவிடியின் உறையில் 4.7 ஜிபி என்று இருக்கும். கம்ப்யூட்டர் அதையே 4.37 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். ஓரத்தில் கொஞ்சம் விட்டுவிட்டு 4.4 ஜிபிதான் நம்முடையது என்று வைத்துக்கொண்டால், கணக்கு சுலபமாகிவிடும். 587-ஐ படத்தின் மொத்த நிமிடங்களால் வகுங்கள். வருவதில் ஒலிக்காக 0.2-ஐக் கழியுங்கள். மிச்சம் இருப்பது படத்துக்கு நொடிக்கு எத்தனை மெகாபிட் கொடுக்கலாம் என்பது.

உங்களுக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றையும் சேர்த்தால் 202 நிமிடம். 587-ஐ 202-ஆல் வகுத்தால் 2.9, ஒலி போக 2.7. ஒரே டிஸ்கில் அடங்கும். ஆனால் அடக்காதீர்கள். முகூர்த்தத்தை மட்டும் ஒரு டிஸ்கில் வைத்தால் 110 நிமிடத்துக்கு 5.1 வரும். ரிசப்ஷனும் ஹைலைட்ஸும் 92 நிமிடம், அதற்கு 6.2 வரும். 2.7-க்கும் 5.1-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு வெற்று டிஸ்க் வாங்குகிற காசுக்குப் பார்த்துக் கல்யாணத்தைக் கசக்க வேண்டாம்.

எங்கே தெரியும் என்றால், சரியாக எங்கே தெரியக் கூடாதோ அங்கே தெரியும். எம்பெக்-2 எப்படிச் சுருக்குகிறது என்று பாருங்கள். ஒரு முழுப்படத்தை வைத்துக்கொள்கிறது. அடுத்து வரும் படங்களில் எது மாறியதோ, எது நகர்ந்ததோ அதை மட்டும் குறித்துவைக்கிறது. பால் முறையில் அதிகபட்சம் 15 படங்களுக்கு ஒருமுறை மறுபடியும் முழுப்படம். மணமேடையில் எல்லோரும் உட்கார்ந்து ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றால் மாற்றம் கொஞ்சம்தான், 2 மெகாபிட்டே போதும். இப்போது கெட்டிமேளம் கொட்டுகிறது. நாலா பக்கமும் இருந்து அட்சதை பறக்கிறது. ஆயிரம் அரிசி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். ஹோமப் புகை சுருண்டு எழுகிறது. பட்டுச்சேலை ஜரிகை விளக்கில் மின்னுகிறது. போட்டோகிராபர் ஃபிளாஷ் அடிக்கிறார். அந்த நொடியில் திரையில் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது, முந்தைய படத்திலிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லை. பிட்ரேட் பத்தாவிட்டால் தாலி கட்டும் அந்த முகங்களே கட்டம் கட்டமாக உடையும். மூன்று மணி நேரத்தில் அப்பத்தா காத்திருந்து பார்க்கப்போவது அந்த அரை நிமிடம்தான்.

அதனால் மென்பொருளில் ‘டூ பாஸ்’ என்ற இரண்டு சுற்று வசதி இருந்தால் கட்டாயம் போடுங்கள். முதல் சுற்றில் படம் முழுவதையும் பார்த்து எங்கே கஷ்டம் எங்கே சுலபம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவது சுற்றில் மந்திரம் சொல்லும் இடத்தில் மிச்சம் பிடித்து அட்சதைக்குக் கொடுக்கும். நேரம் இரட்டிப்பாகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். உச்ச அளவை 8 மெகாபிட்டோடு நிறுத்துங்கள். டிவிடி விதி படத்துக்கு 9.8 வரை அனுமதிக்கிறதுதான். ஆனால் அது ஆலையில் அச்சான டிஸ்குக்குப் பொருந்தும். நாம் எரித்த, அதாவது கம்ப்யூட்டரில் எழுதிய, டிஸ்கைப் பழைய ப்ளேயரின் களைத்த லென்ஸ் அந்த வேகத்தில் படிக்கத் திணறும், படம் அங்கங்கே நின்று நின்று போகும். படம் 60 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தாலும் இதே 8-தான்.

படங்களின் வேகம் பற்றிக் கொஞ்சம். ஸ்டூடியோ கேமராக்கள் நம் ஊரில் வழக்கமாக 25 அல்லது 50 வைத்து எடுப்பார்கள். 25 என்றால் பிரச்சினையே இல்லை. 50 என்றால் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்து 25 ஆக்கிக்கொள்ளலாம், பார்க்க நன்றாகவே இருக்கும். தொல்லை வருவது சொந்தக்காரர்கள் மொபைலில் எடுத்ததையும் சேர்த்துக் கொடுக்கும்போது. மொபைல் 30 என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் நிலையாக 30 எடுக்காது. வெளிச்சம் குறைந்தால் 24 ஆகும், 27 ஆகும், மறுபடி ஏறும். அதை நேரடியாக டிவிடிக்குக் கொடுத்தால் தொடக்கத்தில் உதடும் ஒலியும் ஒட்டி வரும், போகப்போக ஒலி தனியே விலகிப் போய்விடும். இதற்கு மருந்து: மொபைல் வீடியோக்களை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு, நிலையான வேகம், 25 என்று தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றி எடுங்கள். அதன் பிறகு டிவிடி செய்யுங்கள். ஹேண்ட்பிரேக் டிவிடி செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எம்பி4 போன்றவற்றை மட்டுமே தரும், இங்கே அதை நான் சொல்வது இந்த ஒரு வேலைக்காக.

நிமிர்த்திப் பிடித்து எடுத்த மொபைல் வீடியோ அகலத் திரையில் மூன்றில் ஒரு பங்குகூட நிரப்பாது, இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். அப்படியே விட்டுவிடுங்கள். நிரப்ப வேண்டும் என்று பெரிதாக்கினால் தலையும் காலும் வெட்டுப்படும்.

அகலம் பற்றிச் சொல்லும்போது டப்பா டிவியையும் யோசிக்க வேண்டும். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தில் உங்கள் வீடியோ 16:9, அந்த டிவி 4:3. டிவிடியை 16:9 என்றே செய்யுங்கள், நாளைக்கு வீட்டில் எல்இடி டிவி வந்தால் அதிலும் சரியாக வரும். டப்பா டிவிக்குப் பொருத்துவது ப்ளேயரின் வேலை. ரிமோட்டில் செட்டப் அழுத்தினால் ‘டிவி டைப்’ என்று இருக்கும். அதில் 4:3 எல்பி என்று வையுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு முழுப்படமும் தெரியும். இதைச் செய்யாமல் 16:9 என்றே விட்டால் ஆட்கள் எல்லோரும் ஒல்லியாக, நீளமாகத் தெரிவார்கள். 4:3 பிஎஸ் என்று வைத்தால் ஓரத்தில் நிற்கும் மாமன், சித்தி எல்லாம் வெளியே போய்விடுவார்கள். டப்பா டிவிகள் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கவும் செய்யும். எழுத்து ஏதாவது நீங்களே சேர்ப்பதாக இருந்தால் விளிம்பில் ஒட்டி வைக்காதீர்கள்.

ஒலிக்குப் பெரிய கதை இல்லை. எம்பி4-ல் இருப்பது ஏஏசி. டிவிடி விதியில் அதற்கு இடமில்லை. ஏசி-3, ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ், 192 கிலோபிட் என்று வைத்துவிடுங்கள்.

இனிச் செய்முறை. ‘டிவிடி ஸ்டைலர்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஃபைலை மாற்றுவது, டிவிடி அமைப்பைக் கட்டுவது, எரிப்பது என்ற மூன்று வேலையும் அதிலேயே முடியும். அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வேறு இடங்களில் வேண்டாத மென்பொருளையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். திறந்ததும் டிஸ்கின் பெயர், கொள்ளளவு, பிட்ரேட், பால்-ஆ அமெரிக்க முறையான என்டிஎஸ்சி-யா, 16:9-ஆ 4:3-ஆ, ஒலி எது என்று வரிசையாகக் கேட்கும். 4.7 ஜிபி, பால், 16:9, ஏசி-3. பிட்ரேட்டைத் தானியங்கி என்று விட்டால் அதுவே நிமிடத்தைப் பார்த்துக் கணக்குப் போடும். நான் மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மிக அதிகமாக வித்தியாசம் இருந்தால் கையால் மாற்றுங்கள். பிறகு முகூர்த்தம் ஃபைலை இழுத்துக் கீழே போட வேண்டியதுதான்.

அடுத்து மெனு டிசைன்களைக் காட்டும். பூப்போட்டது, பலூன் போட்டது என்று அழகழகாக இருக்கும். எதையும் எடுக்காதீர்கள், மெனு இல்லாமல் செய்யுங்கள். இது என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வது. மெனு வைத்தால் டிஸ்க் அங்கே வந்து நிற்கும். ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி ஓகே அழுத்த வேண்டும். ரிமோட் எழுத்துகள் தேய்ந்துபோய், கண்ணும் மங்கலான ஒரு பெரியவருக்கு அது ஒரு பூட்டு. மெனு இல்லாவிட்டால் டிஸ்கைப் போட்டுத் தட்டை மூடினால் படம் தானாகத் தொடங்கும். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியதில்லை, நினைத்தபோது பார்த்துக்கொள்வார்.

மெனுவுக்குப் பதிலாகச் சாப்டர் குறியீடுகளை வையுங்கள். மாப்பிள்ளை அழைப்பு தொடங்கும் இடம், காப்புக்கட்டு, தாலி கட்டுவதற்கு ஒரு நிமிடம் முன்னால், மாலை மாற்றுவது, பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்குவது என்று நேரத்தைக் குறித்துக்கொண்டு கொடுத்தால் போதும். ரிமோட்டில் ‘நெக்ஸ்ட்’ பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அடுத்த சடங்குக்குத் தாவும். “மூன்று தரம் அழுத்தினால் தாலி கட்டு” என்று போனில் சொல்லிக் கொடுத்துவிடலாம். எத்தனை தரம் என்று எண்ணி ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி உறைக்குள் வைப்பது என் வழக்கம்.

தமிழில் எழுத்து காட்ட வேண்டுமென்றால், உதாரணமாக யார் யார் என்று பெயர் போட வேண்டுமென்றால், டிவிடி அதற்கு நல்ல இடம். டிவிடியின் சப்டைட்டில் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை, படமாகவே சேமிக்கப்படுகிறது. அதனால் ப்ளேயருக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கொம்பும் கால் எழுத்தும் கம்ப்யூட்டரில் சரியாக வந்திருந்தால் டிவியிலும் அப்படியே வரும்.

எல்லாம் தயாரானதும் நேரடியாக எரிக்க வேண்டாம். முதலில் ஐஎஸ்ஓ ஃபைலாக, அதாவது டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாக எடுங்கள். அதை விஎல்சியில் திறந்து தொடக்கம், நடுவில் இரண்டு இடம், கடைசி ஐந்து நிமிடம் பாருங்கள். கடைசியில் உதடும் ஒலியும் சேர்ந்திருந்தால் நடுவிலும் சேர்ந்தே இருக்கும். அட்சதை விழும் இடத்தையும் மறக்காமல் பாருங்கள். சரி என்றால் மட்டும் டிஸ்கில் எழுதுங்கள். ஐஎஸ்ஓவை எழுத விண்டோஸில் இம்க்பர்ன், லினக்ஸில் கே3பி இரண்டும் நம்பகமானவை. லேப்டாப்பில் ரைட்டர் இல்லாவிட்டால் யுஎஸ்பி ரைட்டர் போதும், அதை ஹப்பில் மாட்டாமல் நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள். மின்சாரம் பத்தாமல் பாதியில் நின்றால் அந்த டிஸ்க் வீண்.

டிஸ்க் வாங்கும்போது டிவிடி கழித்தல் ஆர் (DVD-R) கேளுங்கள். கூட்டல் ஆரும் புதிய ப்ளேயர்களில் ஓடும்தான், ஆனால் பழைய மாடல்கள் கழித்தலைத்தான் விரும்பிப் படிக்கின்றன. அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகையை இதற்கு வாங்கவே வேண்டாம். கழித்தல் ஆர் தட்டு லேசர் ஒளியில் 45 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ தட்டு 18 முதல் 30 சதவீதம்தான். பழைய ப்ளேயர் அதை டிஸ்க் என்றே உணராமல் போகலாம். உறையில் 16 மடங்கு வேகம் என்று போட்டிருந்தாலும் 4 அல்லது 8 மடங்கில் எழுதுங்கள். எழுதி முடித்து டிஸ்கை மூடுவதற்கான ‘ஃபைனலைஸ்’ கட்டாயம் நடக்க வேண்டும்.

இந்த வேகத்தில் நான் பட்டது ஒன்று உண்டு. பழைய வீடியோ கேசட்டுகளை டிவிடியாக மாற்றிக் கொடுக்கத் தொடங்கிய காலத்தில், ஒரு குடும்பத்துக்கு அறுபதாம் கல்யாண வீடியோவைப் பத்து டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். அவசரத்தில் 16 மடங்கில் எழுதினேன், என் கம்ப்யூட்டரில் மட்டும் போட்டுப் பார்த்தேன். கிராமத்தில் மூன்று வீட்டில் பாதிக்கு மேல் ஓடவில்லை. டிஸ்கின் வெளி விளிம்புக்குப் போகப்போக எழுத்து மங்கலாக விழுந்திருந்தது. அதில் ஒரு வீட்டில் பார்க்கக் காத்திருந்த பெரியவர் நான் திருத்திக் கொடுப்பதற்குள் தவறிவிட்டார். அன்றையிலிருந்து 8-க்கு மேல் எழுதியதில்லை, பழைய ப்ளேயர் ஒன்றை வாங்கி வைத்து அதில் முழுவதும் ஓட்டிப் பார்க்காமல் டிஸ்கைக் கையை விட்டுக் கொடுத்ததும் இல்லை.

டிஸ்கின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயும், வெயில் காலத்தில் பசை இளகி ஓரம் தூக்கும், ப்ளேயருக்குள் சிக்கும். மென்மையான மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும். ஜன்னல் ஓரத்தில் வெயில் படும்படி வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். நாம் எழுதும் டிஸ்கில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில், வெயில் அதை வெளுக்க வைக்கும்.

போன் போட்டதில் டிவ்எக்ஸ் சின்னமும் யுஎஸ்பி துளையும் இருக்கிறது என்று தெரிந்தால், டிஸ்கே வேண்டாம் என்று விட்டுவிடலாம். ஏவிஐ ஃபைலாக மாற்றுங்கள்: படம் எக்ஸ்விட் முறையில், அகலம் 720-ஐத் தாண்டாமல், ஒலி எம்பி3, நிலையான 128 அல்லது 192 கிலோபிட். அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். எக்ஸ்விட் அமைப்புகளில் ‘க்யூபெல்’, ‘ஜிஎம்சி’ என்று இரண்டு வசதிகள் இருக்கும். தரம் கூட்டும் என்று ஆசை காட்டும், இரண்டையும் அணைத்துவிடுங்கள். ப்ளேயர் சிப்புகள் பெரும்பாலும் அவற்றில் தடுக்கி விழும். பென் டிரைவ் 32 ஜிபிக்குள் இருக்கட்டும். ஃபேட்32 என்று ஃபார்மட் செய்யுங்கள், என்டிஎஃப்எஸ் வேண்டாம். ஒவ்வொரு ஃபைலும் 4 ஜிபிக்குக் கீழே இருக்க வேண்டும், ஃபேட்32-ஆல் அதற்கு மேல் தாங்க முடியாது. ஃபைலின் பெயரை ஆங்கில எழுத்தில் சின்னதாக வையுங்கள். தமிழில் வைத்தால் திரையில் கட்டம் கட்டமாகத்தான் வரும். அதேபோல இந்த வழியில் தனி சப்டைட்டில் ஃபைல் வைத்தாலும் தமிழ் வராது, படத்தின் மேலேயே பதித்துவிட வேண்டும்.

விசிடி மட்டும் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். அது 352 × 288 புள்ளிகள், எம்பெக்-1, படத்துக்கு நொடிக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224, கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. 80 நிமிட சிடி ஒன்றில் 80 நிமிடப் படம், ஆக உங்களுக்கு மூன்று சிடி. 2000-களின் தொடக்கத்தில் நம் ஊர்க் கல்யாணங்கள் எல்லாம் இப்படித்தான் கைக்கு வந்தன. டிவிடி ஓடுகிற ப்ளேயர் இருக்கும்போது இதற்குப் போக வேண்டாம்.

கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு டிஸ்க் அனுப்பும் எண்ணம் இருந்தால் இதையே காப்பி எடுத்து அனுப்பாதீர்கள். அங்கே என்டிஎஸ்சி முறை: 720 × 480, நொடிக்கு 29.97. அங்கே விற்ற ப்ளேயர்கள் பலவற்றுக்கு பால் தெரியாது. அவர்களுக்குத் தனியாக, மூல எம்பி4-லிருந்து மறுபடி செய்ய வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கைக்கு நம்முடைய பால் டிஸ்கே போதும். பிராந்தியக் குறியீடு பற்றிக் கவலை வேண்டாம், வீட்டில் எழுதும் டிஸ்குக்கு எல்லாப் பிராந்தியமும் திறந்தே இருக்கும்படி செய்துகொள்ளலாம், மென்பொருள் அப்படித்தான் செய்கிறது.

இரண்டு டிஸ்கும் எழுதி முடித்தபின் ஊருக்கு நீங்களே போக முடிந்தால் போங்கள். போகும்போது லென்ஸ் துடைக்கும் டிஸ்க் ஒன்றும், மஞ்சள் சிவப்பு வெள்ளை ஏவி ஒயர் ஒன்றும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடம் உபயோகிக்காத ப்ளேயரில் முதலில் போவது அந்த ஒயரின் முனைதான். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் டிஸ்கைச் சந்தேகப்படாமல் செட்டப்பில் டிவி முறை என்டிஎஸ்சி என்று இருக்கிறதா பாருங்கள், பால் அல்லது ஆட்டோ என்று மாற்றினால் நிறம் வந்துவிடும். டிவி டைப்பை 4:3 எல்பி ஆக்கிவிட்டு, முகூர்த்தம் டிஸ்கைப் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை முழுவதும் பாருங்கள். பிறகு ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, அவரையே நெக்ஸ்ட் அழுத்தித் தாலி கட்டும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள்.